திருமலைத் தொகுதியும் ஓர் உம்மையும்

திருகோணமலை என்றவுடன் ஞானசம்பந்தர் பதிகத்தையும் இயற்கைத் துறைமுகத்தையும் நினைவார் பலர். அம்மண்ணினர் தம் வாக்கினால் மன்றுக்கு விடுத்த பெருமக்களை நினைவார் மிகச் சிலரே. மாணாக்கர்க்கு இலக்கணம் உரைக்கும் யான், அவ்வரலாற்றை உம் என்னும் ஓர் இடைச்சொல்லைக் கொண்டே விளக்குவதுண்டு.

சர்வசன வாக்குரிமை வந்த 1931இல், அரசாங்க சபைக்குத் திருகோணமலை–மட்டக்களப்பு என ஒரு தொகுதி அமைந்தது. 1943இல் அதன் உறுப்பினரானவர் வ. நல்லையா, ஆசிரியத் தொழிலினின்றும் அரசியலுக்கு வந்தவர். 1944இல், சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை ஜே. ஆர். ஜயவர்த்தனா கொணர்ந்தபோது, தமிழையும் உடன்சேர்க்குமாறு நல்லையா திருத்தம் மொழிந்தார், சபையும் ஏற்றது. சிங்களமும் தமிழும் என்புழி வருவது எண்ணும்மை. அவ்வாறு எண்ணப்பட்டவை தம்முள் ஒத்த நிலையின.

1947இல் திருகோணமலைத் தொகுதியினின்றும் நாடாளுமன்றம் சென்றவர் தமிழ்க் காங்கிரஸைச் சேர்ந்த எஸ். சிவபாலன். 1952 முதல் 1963இல் மறையும்வரை தமிழரசுக் கட்சியின் என். ஆர். இராஜவரோதயம் அத்தொகுதியைக் காத்தார். அவர் காலத்திலேயே, 1956இல், தனிச் சிங்களச் சட்டம் அவ்வும்மையை அழித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழரசுக் கட்சி மாநாடு திருமலையிற் கூடியது. மக்கள் பல திசைகளினின்றும் கால்நடையாக யாத்திரை வந்தனர்.

பின்னர் மாணிக்கராஜா, நேமிநாதன் ஆகியோர் வந்தனர். 1977இல் வென்ற இரா. சம்பந்தன் 1983இல் ஆசனம் இழந்தார். 2001 முதல் 2024இல் மறையும்வரை மீண்டும் இடையறாது மாவட்டப் பிரதிநிதியாய் விளங்கினார். அயலிலுள்ள மூதூரோ 1960 முதல் 1977 வரை இரட்டை அங்கத்தவர் தொகுதி. தமிழரும் முஸ்லிம்களும் கலந்துறையும் அவ்விடத்துக்கு இரண்டு ஆசனம் அளித்ததும் ஒருவகை எண்ணும்மையே.

1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம், தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என விதித்தது. உம்மை மீண்டது, ஆயின் பொருள் வேறு. சிங்களத்தை முன்னொரு வாசகத்தில் நிறுத்திப் பின்னர்த் தமிழைத் தழுவுதலின், ஈண்டு நிற்பது இறந்தது தழுவிய எச்சவும்மை. முன்னையது இருவரை ஒரு பந்தியில் உடனிருத்துவது. பின்னையது ஒருவர் அமர்ந்தபின் மற்றவரையும் வருகவென அழைப்பது.

இஃது இலக்கணிகளின் வீண்வாதமன்று. தமக்கு வந்த அரசாங்கக் கடிதத்தின் பொருளைப் பிறரிடம் கேட்டறியும் தமிழர் இன்றும் உளர். பிரதிநிதிகளின் பெயர்களை மனனஞ் செய்யும் மாணாக்கர், ஓர் ஆசிரியர் சபையில் வேண்டிய உம்மை எதுவென்பதையும் அறிந்துவைத்தல் நன்று.