வைத்தியரின் வைப்புப் பணம் எங்கே போகிறது?

திருகோணமலைத் துறைமுகத்தில் நின்று தெற்கே நோக்கினால் கொட்டியாரக் குடா பரந்து கிடப்பதைக் காணலாம். மகாவலி கங்கை கடலோடு கலப்பது இந்தக் குடாவிலேதான். மறுகரையில் மூதூரும், அதனை அடுத்துச் சம்பூரும் இருக்கின்றன. 2006ஆம் ஆண்டில் போர் மூண்டபோது சம்பூர் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். அவர்கள் முகாம்களில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய ஊர்ப்பகுதியிலே 500 மெகாவாற் வலுவுள்ள நிலக்கரி மின் நிலையம் ஒன்றை நிறுவ இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல் மின் கழகமும் கூட்டாகத் திட்டமிட்டன. ஊரவர் எதிர்த்தனர், மீனவர் எதிர்த்தனர், வழக்கு உயர் நீதிமன்றம்வரை சென்றது. நிலக்கரி நிலையம் அங்கே கட்டப்படமாட்டாது என்று 2016 செப்டெம்பரில் அரச தரப்பு அந்நீதிமன்றத்துக்கு அறிவித்தது.

வைத்தியர்களையும் வங்கிகளையும் பற்றிப் பேசப் புகுந்த நாம் சம்பூரிலே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அந்த நிலையம் எழுந்திருந்தால் அதன் கணக்கு மின்சார சபையின் ஏட்டில் மட்டும் எழுதப்பட்டிராது. வைத்தியசாலையின் நோயாளர் ஏட்டிலும் எழுதப்பட்டிருக்கும். நிலக்கரிப் புகையிலே கந்தக ஈரொட்சைட்டு உண்டு. நுரையீரலின் அடிவரை இறங்கவல்ல நுண்துகள்கள் உண்டு. ஈளை நோயால் வருந்தும் குழந்தைக்கும் இருதய நோயுள்ள முதியவருக்கும் அவை பகை. புகையோடு வெளியேறும் இரசம் நீரிலே படிந்து, வேறு வடிவம் பெற்று, மீனின் உடலிற் சேர்கிறது. மீனை உண்ணும் கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவின் மூளையைத் தாக்க வல்லது அது. மீனே அன்றாடக் கறியாக உள்ள ஒரு கரையோரத்திலே இது சிறிய செய்தியன்று.

ஆனால், இத்தகைய நிலையங்கள் எவருடைய பணத்தினால் எழுகின்றன? பெரும்பாலும் வங்கிக் கடனால். புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலையில் நிற்கும் 900 மெகாவாற் நிலக்கரி நிலையம், சீனாவின் ஏற்றுமதி இறக்குமதி வங்கி வழங்கிய கடனால் எழுந்தது. காற்றுக் காலத்திலே நிலக்கரித் தூளும் சாம்பலும் பறந்து வருவதாக அங்குள்ள அயல்வாசிகள் நெடுங்காலம் முறையிட்டு வந்திருக்கின்றனர். கடன் கொடுத்தவரோ கடலுக்கு அப்பால் இருக்கிறார்.

மாணவர்களின் பொருட்டு இங்கே சிறிது விளக்கம் கூறுவோம். வங்கியில் இட்ட பணம் இரும்புப் பெட்டிக்குள் உறங்குவதாகச் சிறுவர் நினைப்பதுண்டு. பெரியவர் சிலரும் அவ்வாறே நினைக்கின்றனர். உண்மை வேறு. வைப்பின் ஒரு சிறு பங்கு மத்திய வங்கியிலே ஒதுக்காக இருக்கும். இன்னொரு பங்கு கையிருப்பாகவும் அரச முறிகளாகவும் இருக்கும். எஞ்சியது கடனாக வெளியே போய்விடும். வைத்தியர் ஒருவர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து இட்ட தொகை நெல் ஆலைக்குப் போகலாம், மீன்பிடிப் படகுக்குப் போகலாம். புகையிலைக் கம்பனிக்கும் போகலாம். எதற்குப் போயிற்று என்று வைப்பாளருக்கு எவரும் கடிதம் எழுதுவதில்லை.

ஆவுஸ்திரேலியாவிலே, மெல்பேர்ண் நகரத்துப் புற்றுநோய் நிலையமொன்றிற் பணியாற்றிய புறோன்வின் கிங் என்னும் பெண் வைத்தியர் இதனை 2010ஆம் ஆண்டில் தற்செயலாக அறிந்தார். நுரையீரற் புற்றுநோயாளருக்குச் சிகிச்சை அளித்து வந்தவர் அவர். தம் ஓய்வூதிய நிதியின் பிரதிநிதியோடு பேசும்போது, தம்முடைய சேமிப்பு புகையிலைக் கம்பனிகளின் பங்குகளிலும் இடப்பட்டிருப்பது அவருக்குத் தெரியவந்தது. பகலெல்லாம் எந்த நோயோடு போராடினாரோ, அந்த நோயை விற்பவர்களுக்கு அவருடைய பணமே முதல்! அவர் கோபித்துக்கொண்டு வாளாவிருக்கவில்லை. நிதிகளின் கதவுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். 2018இல் ஐக்கிய நாடுகள் சபையில் புகையிலையற்ற நிதிக்கான உறுதிமொழி தொடங்கப்பட்டது; பிரான்சின் பீ.என்.பி. பரிபா போன்ற பெரு வங்கிகளும் அதில் ஒப்பமிட்டன. ஒரு வைத்தியரின் கேள்வி இத்தனை தூரம் சென்றதை நாம் வியப்போடு நோக்குகிறோம்.

நிலக்கரியைப் பற்றியும் வைத்தியர் உலகம் பேசாமலில்லை. பிரித்தானிய வைத்தியர் சங்கம் 2014இலேயே தன் முதலீடுகளை நிலக்கரி, எண்ணெய்க் கம்பனிகளிலிருந்து மீட்க வேண்டுமெனத் தீர்மானித்தது. 2016 ஒக்டோபரில், சம்பூர்த் திட்டம் கைவிடப்பட்ட அடுத்த மாதத்திலே, தாய்ப்பேயிற் கூடிய உலக வைத்தியர் சங்கமும் அவ்வழியிலே செல்லுமாறு நாடுகளின் சங்கங்களை வேண்டிக்கொண்டது.

இதற்கு மறுப்புக் கூறுவோரும் உண்டு. அம்மறுப்பை நாம் இலேசாகத் தள்ளிவிடவில்லை. “மின்சாரம் இன்றிச் சத்திரசிகிச்சைக் கூடம் இயங்குமா? நுரைச்சோலை நின்றால் நாடு இருளாதா?” என்பர். நியாயமான கேள்வியே. 2022இல் மணிக்கணக்காக மின்வெட்டை அனுபவித்த நாட்டினர்க்கு அதனை எடுத்துரைக்கவும் வேண்டியதில்லை. எனினும், இருக்கும் நிலையத்தை இன்றே மூடு என்பது ஒன்று. புதிதாக எதற்குக் கடன் கொடுப்பது என்பது வேறொன்று. அதே சம்பூரிலே சூரிய ஒளி மின் நிலையமொன்றுக்கு 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. அதுவும் பிறர் பணத்தினாலேயே எழ வேண்டும்.

ஒழுக்கத்தை விசாரிப்பது பிறர் நலத்துக்காக மட்டுமன்று. கோல்டன் கீ என்னும் கடனட்டைக் கம்பனியை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பொதுமக்களிடம் வைப்புப் பெறுவதற்கு மத்திய வங்கியின் உரிமம் அதற்கு இருந்ததில்லை. வங்கிகள் கொடுக்க முடியாத வட்டியைக் கொடுத்தது. 2008இன் இறுதியில் சரிந்தது. ஏறத்தாழ 9,000 பேரின் 2,600 கோடி ரூபாய் வரையில் அதிலே சிக்கிற்று. இவ்வளவு வட்டி எந்தத் தொழிலிலிருந்து வருகிறது என்று முதலிலேயே கேட்டவர்கள் தப்பினார்கள். எங்கள் பக்கத்தில், “டாக்டர் ஐயாவே போட்டிருக்கிறார்” என்ற ஒரு சொல்லை நம்பிப் பணத்தை இடும் குடும்பங்கள் இன்றும் உண்டு. மருந்துச் சீட்டை நம்புவது போலவே அதையும் நம்புகிறார்கள். ஆகவே வைத்தியர் தவறான இடத்தில் வைக்கும் பணம் அவருடையது மாத்திரமாக நிற்பதில்லை.

என்ன கேட்கலாம்? மத்திய வங்கியின் உரிமம் உண்டா என்பது முதற் கேள்வி. அதற்கான பட்டியலை மத்திய வங்கியே வெளியிடுகிறது. அடுத்து, வங்கியின் ஆண்டறிக்கையைக் கேட்டு வாங்கலாம். எத்துறைக்கு எவ்வளவு கடன் என்ற அட்டவணை அதில் இருக்கும். பலர் தலைவரின் படத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். எத்தொழில்களைப் பசுமைத் தொழில்கள் எனக் கொள்ளலாம் என்பதை மத்திய வங்கி 2022 மே மாதத்தில் வகுத்து வெளியிட்டிருக்கிறது, அதனைக் காட்டி, “எங்கள் பணத்தில் எவ்வளவு இதற்குப் போகிறது? புகையிலைக்கும் நிலக்கரிக்கும் கடன் கொடுப்பதில்லை என்ற விதி உங்களிடம் உண்டா?” என்று வினவலாம்.

கிளை முகாமையாளர் விடை தெரியாமல் புன்னகை செய்வார். கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு எழுதுவதாகச் சொல்வார். தனி ஒருவர் கேட்டால் அந்தக் கடிதம் போகாமலே இருந்துவிடலாம். ஒரே வைத்தியசாலையைச் சேர்ந்த பத்துப் பேர், ஒரே வாரத்தில், சம்பளக் கணக்குப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் அது போயே தீரும்.