முன்சக்கர பிரேக்கில் புகும் காற்று

யாங்கோன் மாநகரின் ஆற்றோரப் பகுதியான க்யிம்யிண்டைங்கில் வளர்ந்த நம் இளைஞருள் பலர், ஊரைவிட்டு வெளியேறிய பின்னரே மோட்டார் சைக்கிளைத் தொட்டனர். அந்நகரின் பெரும்பகுதியில் 2003ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிளுக்குத் தடை விதிக்கப்பட்டது. அதற்கான காரணம் பற்றித் தெருவுக்கொரு கதை உலவியது; அது இங்கு வேண்டாம். சுற்று இரயிலிலும் பேருந்திலும் சைக்காவிலும் சென்று பழகியவர்கள், சென்னைக்கோ மோரேக்கோ வந்து சேர்ந்ததும் பிழைப்பின்பொருட்டு முதலில் தேடுவது பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத்தான்.

அவ்வாறு வாங்கும் வண்டிகளில் இப்போது ஏ.பி.எஸ். அமைப்பும் சேர்ந்தே வருகிறது. இந்தியாவில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வகை வண்டிகளுக்கு 2018 ஏப்ரல் முதலும், அத்திறனுடைய ஏனைய வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதலும் அது கட்டாயமாயிற்று. திடீரென பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டு வண்டி சறுக்காதபடி, எண்ணெயின் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை விட்டுவிட்டுத் தருவதே அதன் வேலை. 150 சி.சி. அளவிலான வண்டிகள் பலவற்றில் இது முன்சக்கரத்துக்கு மட்டுமே உண்டு.

இலக்கியம் கற்பித்தவனுக்கு பிரேக் எண்ணெயில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரே வண்டியில் கணவன், மனைவி, குழந்தை என மூவர் செல்வதைத் தினமும் காண்கிறோம். அம்மூவரின் உயிரும் ஒரு சிறு குழாயில் நிற்கும் எண்ணெயை நம்பியிருக்கிறது. எழுதுவதற்கு இக்காரணம் போதும்.

எண்ணெய் அழுத்தத்துக்குச் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று புகுந்துவிட்டால், பிடியை அழுத்தும் விசை காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிறது. பிடி பஞ்சுபோல் அமிழ்கிறது. காற்றைவிட மறைவான பகை நீர். டாட் 3, டாட் 4 எண்ணெய்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. புதிய டாட் 4 எண்ணெய் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலையில் அந்த வரம்பே 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. மோரேயிலிருந்து இம்பாலுக்குச் செல்லும் மலைச்சாலை போன்ற இறக்கங்களில் இடைவிடாது பிரேக் பிடித்தால், சூட்டில் அந்நீர் ஆவியாகிப் பிடி வெறுமையாய் உள்ளே போகும். ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டும். பழைய வண்டி வாங்கியவர்கள், எப்போது மாற்றினார்கள் என்று தெரியாவிடில் உடனே மாற்றிவிடுவது நலம்.

எண்ணெய் மாற்றுவதற்கு இருவர் தேவை. எண்ணெய்க் கிண்ணம் சமமாக நிற்கும்படி கைப்பிடியைத் திருப்பி, பெட்ரோல் தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். இவ்வெண்ணெய் வண்ணப்பூச்சைத் தின்றுவிடும். மூடியைத் துடைத்த பின்னரே திறக்க வேண்டும். சக்கரத்தருகே உள்ள நிப்பிளில் முதலில் ஸ்பானரையும், பிறகு கண்ணாடிபோன்ற ரப்பர் குழாயையும் மாட்டி, குழாயின் நுனியைச் சிறிது எண்ணெய் ஊற்றிய புட்டிக்குள் அமிழ்த்துங்கள். ஒருவர் பிடியை மெல்ல அழுத்தி, விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்து, எண்ணெய் வெளியேறியதும் மூட வேண்டும். மூடிய பிறகுதான் பிடியை விடலாம்; முந்திவிட்டால் காற்று திரும்ப உள்ளே ஏறும். குழாயில் தெளிந்த எண்ணெய் வரும்வரை, குமிழிகள் நிற்கும்வரை, இதையே திரும்பச் செய்யுங்கள். நிப்பிளை முரட்டுத்தனமாக முறுக்கினால் ஒடிந்துவிடும்.

இதுவரை சொன்னது பழைய டிஸ்க் பிரேக்குக்கும் பொருந்தும். ஏ.பி.எஸ். வண்டியில் வேறுபாடு ஒன்றுதான். ஆனால் அது பெரிது. நான்கைந்து அழுத்தலுக்கு ஒருமுறை கிண்ணத்தைப் பார்த்து நிரப்புங்கள். எக்காரணத்தாலும் அது வற்றக் கூடாது. வற்றினால் காற்று ஏ.பி.எஸ். பெட்டியின் உள்ளே போய், மூடிய வால்வுகளுக்குப் பின்னால் தங்கக்கூடும். அவ்வால்வுகளையும் பம்பையும் இயக்க, கணினிபோன்ற சோதனைக் கருவி வேண்டியிருக்கும். வீட்டில் எத்தனைமுறை அழுத்தினாலும் அக்காற்று வெளியேறாமற் போகலாம். பிடி பஞ்சுபோலவே இருந்தால் வண்டியை ஓட்டிச் செல்லாதீர்கள். வேறு வாகனத்தில் ஏற்றிப் பணிமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். கூலி மிகும் என்பது உண்மையே. ஆயினும் இதில் சிக்கனம் பார்க்க இயலாது.

மூடியில் அச்சிட்ட எண்ணுள்ள எண்ணெயையே ஊற்றுங்கள். டாட் 5 என்பது சிலிக்கோன் எண்ணெய்; ஏ.பி.எஸ். வண்டிக்கு அது உதவாது. டாட் 5.1 பெயரால் நெருங்கியதாயினும் டாட் 4இன் இனத்தைச் சேர்ந்தது. திறந்து நெடுநாள் கிடந்த புட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்க வேண்டாம்.

வேலை முடிந்ததும், வண்டி நின்ற நிலையிலேயே பிடியைப் பலமாக அழுத்திச் சிறிதுநேரம் வைத்துப் பாருங்கள். அது இறங்கக் கூடாது. பின்னர் வெறிச்சோடிய இடத்தில் மெதுவாக ஓட்டிச் சோதியுங்கள். புறப்பட்டுச் சிறிது தூரத்திலேயே ஏ.பி.எஸ். விளக்கு அணைய வேண்டும்.

கழித்த எண்ணெய் நஞ்சு. ஒற்றை அறையில் குழந்தைகளோடு வாழும் குடும்பங்கள், அதைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி மூலையில் வைக்கும் வழக்கத்தை இன்றே விட வேண்டும். சாக்கடையிலும் கொட்டாமல், பெயர் எழுதிய தகரத்தில் அடைத்து, கழிவெண்ணெய் சேர்க்கும் பணிமனையில் கொடுத்துவிடுங்கள்.