லினக்ஸ் பூட் ஆகவில்லையா? ஃபார்மேட்டுக்குத் தலையாட்டாதீர்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பைக் காயலான் கடைக்குப் போட மனமில்லாத பலர் உபுண்டு, லினக்ஸ் மின்ட் பக்கம் வருகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் நிறுவி முடித்து ரீஸ்டார்ட் கொடுத்ததும் சிலருக்கு வயிற்றைக் கலக்கிவிடுகிறது. கறுப்புத் திரையில் 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற சொற்கள், பக்கத்தில் துடிக்கும் ஒரு கோடு. இல்லையென்றால், பூட் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்று ஒற்றை வரி.

இந்த நிலையில் கணினியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், பல இடங்களில் கிடைக்கும் பதில் "ஃபார்மேட் பண்ணிடலாம்" என்பதுதான். பிள்ளைகளின் படங்கள், கணக்குகள், சான்றிதழ் நகல்கள் பெரும்பாலும் போவது லினக்ஸால் அல்ல, இந்த ஃபார்மேட்டால்தான்.

கணினியை இயக்கியதும் முதலில் விழிப்பது அதன் மதர்போர்டில் இருக்கும் யூஇஎஃப்ஐ என்ற மென்பொருள். பழக்கத்தில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம். எந்த இயங்குதளத்தை எழுப்ப வேண்டும் என்ற பட்டியல் ஒன்று அதனிடம் இருக்கிறது. எழுப்பும் கோப்புகள் டிஸ்கில் ஒரு சிறு பார்ட்டிஷனில் இருக்கின்றன. லினக்ஸ் நிறுவும்போது அந்தப் பட்டியலில் பெயர் ஏறாமல் போகலாம், அல்லது விண்டோஸுக்குப் பின்னால் போய்விடலாம். உங்கள் கோப்புகளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவை இருந்த இடத்திலேயே இருக்கும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது பூட் மெனு. டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. இயக்கிய உடனே விசையை விட்டு விட்டுத் தட்டினால் பட்டியல் வரும். அதில் உபுண்டு என்ற பெயர் இருந்து, தேர்ந்தெடுத்ததும் லினக்ஸ் திறந்துவிட்டால் பயாஸுக்குள் போய் வரிசையை மாற்றினால் போதும்.

பெயரே இல்லையென்றால், நிறுவப் பயன்படுத்திய பென்டிரைவிலேயே மறுபடி பூட் செய்யுங்கள். மெனுவில் அதே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். முன்பு மற்றதைத் தேர்ந்தெடுத்து நிறுவியதே பழுதுக்குக் காரணமாக இருக்கக்கூடும். உள்ளே போனதும் நிறுவாமல், 'முயன்று பார்' என்பதை அழுத்துங்கள். டிஸ்கைத் திறந்தால் கோப்புகள் தெரியும். முதல் வேலையாக அவற்றை வெளி டிஸ்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 'பூட் ரிப்பேர்' என்ற இலவசக் கருவியை ஓட்டிப் பாருங்கள். லினக்ஸை எழுப்பும் நிரலான க்ரப்பைத் திரும்ப நிறுவும் வேலையை அதுவே செய்துவிடும்.

க்ரப் மெனு வந்து, அதற்குப் பிறகு திரை கறுத்தால் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கோளாறு. என்விடியா உள்ள கணினிகளில் அடிக்கடி நடப்பது. மெனுவில் 'இ' விசையை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' என்பதை இடைவெளி இல்லாத ஒரே சொல்லாக, ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து எஃப்10 அழுத்துங்கள். உள்ளே நுழைந்தபின் சரியான டிரைவரை நிறுவிக்கொள்ளலாம்.

உண்மையான ஆபத்து வேறொரு இடத்தில் இருக்கிறது. லினக்ஸ் ஆர்வலர்கள் எடுத்த எடுப்பில் "செக்யூர் பூட்டை அணைத்துவிடு" என்கிறார்கள். அங்கீகரிக்கப்பட்ட பூட் கோப்புகளை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்பு அது. உபுண்டு, ஃபெடோரா போன்றவை செக்யூர் பூட் இயங்கும்போதே பூட் ஆகும். ஆகவே பலருக்கு இது தேவையற்ற ஆலோசனை. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகக் குறியாக்கம் செய்யப்பட்டுவிடுகிறது, உரிமையாளருக்கே தெரிவதில்லை. செக்யூர் பூட்டைத் தொட்டால் அடுத்த முறை நீலத்திரை வந்து 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டாலும் டிஸ்கைத் திறக்க முடியாது. பென்டிரைவைச் செருகுவதற்கு முன்பே இந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

எல்லாப் பழியையும் பயனர் தலையில் போடுவதும் நியாயமில்லை. 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், பழைய பூட் கோப்புகளைத் தடுத்து, இரண்டு இயங்குதளங்களையும் சேர்த்து வைத்திருந்தவர்கள் பலரின் லினக்ஸை எழவிடாமல் செய்தது. அப்படிப்பட்ட கணினிகளைத் தொடமாட்டோம் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் இது நடந்தது. முழுத் தீர்வு 2025 மே மாதம்தான் வந்தது. லினக்ஸ் தரப்பும் தவறியிருக்கிறது. 2017-இல் வெளியான உபுண்டு 17.10 சில லேப்டாப்களின் பயாஸையே கெடுத்ததால், அந்த டிசம்பரில் பதிவிறக்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

இனி உரிமைகள். க்ரப், லினக்ஸ் போன்றவை உத்தரவாதம் இல்லாமல் தரப்படுபவை. அவற்றை எழுதியவர்களிடம் இழப்பீடு கேட்க முடியாது. ஆனால் காசு வாங்கிக்கொண்டு சேவை செய்யும் கடை, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டது. கேட்காமல் தரவை அழித்தால் சேவைக் குறைபாடு என்று புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போட வேண்டும். விண்டோஸ் அழிந்துவிட்டாலும் பயப்படாதீர்கள். விண்டோஸ் 8 காலம் முதல், விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் உரிம எண் பொதுவாக மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைத் திரும்ப நிறுவ, புது எண்ணுக்கென்று தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

புகார் நிற்பதற்குச் சான்று வேண்டும். திரையில் தெரியும் பிழை வரியைக் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். 'தரவை அழிக்கக் கூடாது' என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள்.