எந்தச் சப்பாத்தைத் தைக்கலாம், எதைத் தைக்கக் கூடாது?

சீனக்குடாவில் கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் எண்ணெய்க் குதங்களும், கொட்பேயில் மீன்பிடித் துறைமுகமும் இருக்கின்றன. இடையே சரக்கு இறங்கும் துறைகள். திருகோணமலையின் இந்த வேலைத்தலங்களில் விரலுக்கு மேல் கவசம் வைத்த சேஃப்டி சப்பாத்தை யாரும் ஆடம்பரம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாய்வரை ஏறியபின், இறக்குமதியாகும் எதையும் புதிதாக வாங்குவது யோசிக்க வேண்டிய காரியமாகிவிட்டது. அடி கழன்ற சோடியைத் தைத்துப் போடுவதா, எறிவதா என்று கேட்டால் பலரும் விலையை ஒப்பிட்டுத்தான் பதில் சொல்கிறார்கள்: தைக்கிற கூலி குறைவு, ஆகவே தை. என் பார்வையில் இந்தக் கணக்கு தொடங்குகிற இடமே பிழை. பழுது எந்தப் பகுதியில், அந்தப் பகுதி எந்தப் பொருளால் ஆனது என்பதை முதலில் பார்க்க வேண்டும். கூலியைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சேஃப்டி சப்பாத்துகளில் பலவற்றின் அடி பொலியூரித்தேன். பாரம் குறைவு, மெத்தென்றிருக்கும், எண்ணெய்க்கும் ஓரளவு தாங்கும். அதன் எதிரி தண்ணீர். மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றிலுள்ள ஈரலிப்பே போதும். நீராவி உள்ளே ஊறி, பொலியூரித்தேனின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது. பொலியெஸ்டர் வகைப் பொலியூரித்தேனில் இது அதிகம், பொலியீதர் வகையில் குறைவு. வெப்பம் கூடக் கூட வேகமும் கூடும். ஆண்டு முழுவதும் கடற்காற்று, நடு ஆண்டில் கச்சான் வெக்கை, கார்த்திகை மார்கழியில் அடைமழை என்று இருக்கும் ஊரில் அந்த அடிக்கு ஆயுள் எப்படி நீளும்? மேல்தோல் பளபளவென்று இருக்கும்போதே அடி உள்ளுக்குள் உளுத்துவிடும். ஒருநாள் படியில் இறங்கும்போது பாளம் பாளமாகப் பிட்டுக்கொண்டு வரும். பெட்டியை விட்டு வெளியே எடுக்காத சோடிக்கும் இதே கதிதான். ‘போடவேயில்லை, புதுசு’ என்று அலுமாரியில் ஐந்தாறு வருடம் வைத்திருந்ததை நம்பி வேலைக்குப் போகக் கூடாது. நடைபாதையில் குவித்து விற்கும் பாவித்த வெளிநாட்டுச் சப்பாத்துகளையும் இந்தக் கண்ணோடு பார்ப்பது நல்லது.

இது வெப்ப நாட்டுக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. பனிச்சறுக்கு விளையாடுபவர்களின் பூட்ஸில் 1960களில் அமெரிக்கரான பொப் லாங்கே பிளாஸ்டிக் ஓட்டைப் புகுத்தியபின், பொலியூரித்தேன் ஓடுகள் அங்கே வழக்கமாகின. பல வருடம் நிலவறையில் கிடந்த பூட்ஸ் மலைச்சரிவில் நொறுங்கிய கதைகள் அந்த ஊர்களில் சாதாரணம். ஆனால் அங்கே எல்லாவற்றையும் எறிந்துவிடுவதும் இல்லை. கொளுக்கி உடைந்தால் மாற்றுவார்கள். பல ரகங்களில் முன்னும் பின்னும் தேயும் அடித்துண்டுகளைத் திருகாணி கழற்றி மாற்றலாம். ஓடு வெடித்தால் மட்டும் விவரம் தெரிந்தவர்கள் பசையை எடுப்பதில்லை, ஏனென்றால் விழும்போது சறுக்குப்பலகை உரிய நேரத்தில் கழன்றுவிடுவது அந்த ஓட்டின் உறுதியையும் அடியின் அளவையும் பொறுத்தது. பனியையே காணாத திருகோணமலைக்கும் இந்தப் பாகுபாடு பொருந்தும்.

அப்படியானால் எதைத் தைக்கலாம்? பக்கத் தையல் விட்டுப்போனதை, நாக்கு கிழிந்ததை, நூல் கோர்க்கும் வளையம் துருப்பிடித்துக் கழன்றதை, உள்மெத்தை நைந்ததை, குதிப்பக்கத் துணி தேய்ந்ததைத் தயங்காமல் தைக்கக் கொடுக்கலாம். நல்ல மெழுகு நூலும் குத்தூசியும் வைத்திருக்கும் கைகாரர் கொஞ்ச நேரத்தில் முடித்துக்கொடுக்கும் வேலை இவை. றப்பர் அடி உடையாமல், ஒட்டு மட்டும் விட்டிருந்தால் அதையும் காப்பாற்றலாம். பழைய பசையைச் சுரண்டி, இரு பக்கமும் உரசி, உப்பையும் எண்ணெயையும் துடைத்து, இரண்டிலும் பசை பூசிக் காயவிட்டுப் பிறகு அழுத்த வேண்டும். அவசரத்தில் ஈரத்தின் மேல் பூசியது ஒரு கிழமைகூட நிற்காது. பொலியூரித்தேன் அடியைப் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். பொடி உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ, வளைக்கும்போது வெடிப்பு வாய் திறந்தாலோ விட்டுவிடுங்கள். பசை பிடிக்க உறுதியான பரப்பு வேண்டும்; உதிரும் மண்சுவரில் ஆணி அடித்து யாராவது படம் மாட்டுவார்களா?

‘நம்மூர்ச் சப்பாத்துக்காரர் முழு அடியையே கழற்றிப் புதுசு போட்டுத் தருவாரே’ என்ற மறுப்பு நியாயமானது. கோயிலுக்கும் கந்தோருக்கும் போகும் சப்பாத்து என்றால் தாராளமாகப் போடலாம். சேஃப்டி சப்பாத்தில் சிக்கல் வேறு. ஐ.எஸ்.ஓ. 20345 தரத்தின்படி அதன் முன்கவசம் 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும், அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழும் அடி. ஒருமுறை பலமாக அடி வாங்கிய கவசம் வெளியே சப்பை தெரியாவிட்டாலும் ஓய்வுக்குரியது, தட்டி நிமிர்த்துவது வேலைக்காகாது. சில ரகங்களின் அடி, உடம்பில் சேரும் நிலைமின்னைத் தரைக்கு மெல்லக் கடத்தும்படி செய்யப்பட்டது. சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய 99 குதங்களில் பாவனையில் உள்ளவற்றைச் சுற்றி எரிபொருள் ஆவி இருக்கக்கூடிய இடங்களில் அது முக்கியம். அங்கே டயர் றப்பரை வெட்டி ஒட்டினால் கால் தரையில் நிற்கும், மின் கால்வழி இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சப்பாத்துக்காரரின் கைத்திறனில் குறையில்லை. அவரிடம் அதைச் சோதிக்கும் கருவி இல்லை, அவ்வளவுதான்.

இன்னும் கூர்மையான மறுப்பு பணத்தைப் பற்றியது. நாட்கூலிக்காரரிடம் ‘புதுசு வாங்கு’ என்பது வயிறு நிறைந்தவர் பேச்சு அல்லவா? கணக்கையே போட்டுப் பார்ப்போம். பேச்சுக்குப் புதுச்சோடி 9,000 ரூபாய், 18 மாதம் உழைக்கும் என்று வையுங்கள், மாதம் 500. உளுத்த அடியை 1,500 ரூபாய்க்கு ஒட்டி இரண்டு கிழமையில் கழன்றால் மாதம் 3,000. தையல் விட்டதை 600 ரூபாய்க்குத் தைத்து ஆறு மாதம் போட்டால் மாதம் 100. ஆக, தைப்பது சிக்கனமா இல்லையா என்பதைத் தைத்தபின் அது எத்தனை மாதம் உழைக்கும் என்பதே தீர்மானிக்கும். அடுத்த தடவை வாங்கும்போது நைட்ரைல் றப்பர் அடி உள்ளதைத் தேடலாம். கொஞ்சம் பாரம், ஆனால் ஈரத்துக்கு எளிதில் உளுக்காது. தரமுத்திரை உள்ள சோடியில் உற்பத்திக் காலமும் பொறித்திருப்பார்கள். விலையைக் கேட்குமுன் அதைப் படியுங்கள்.

இந்தச் செலவு முழுவதும் தொழிலாளியின் தலையில் விழ வேண்டியதும் அல்ல. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், ஈரத்திலும் தீங்கான பொருட்களிலும் வேலை செய்பவர்களுக்குத் தகுந்த பாதுகாப்பு அணிகளைக் கொடுக்கும் கடமையை வேலை கொடுப்பவர்மீது வைக்கிறது. கொந்தராத்து எடுத்து ஆள் விடுபவர்கள் இந்த மாரி தொடங்குமுன் தங்கள் ஆட்களின் சப்பாத்து அடியை ஒருமுறை நகத்தால் அழுத்திப் பார்க்கட்டும். பொடிந்தால், அந்தச் சோடியைத் தைக்கக் கொடுக்கச் சொல்லாமல் மாற்றிக் கொடுக்கட்டும்.