உஷார்! குழந்தையின் தோலைத் தேய்த்துக் கரைக்காதீர்கள்

குளியலறையில் குழந்தை வீறிட்டு அழுகிறது. "அழுக்குப் போக வேண்டாமா கண்ணு?" என்று பாட்டி பீர்க்கங்காய் நாரால் இன்னும் இரண்டு தேய் தேய்க்கிறார். நிறுத்துங்கள் அம்மா! முழங்கை மடிப்பில் சிவந்து, சொரசொரத்து, வெடித்திருப்பது அழுக்கில்லை, கரப்பான். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. தேய்க்கத் தேய்க்கப் பெருகும்.

மேல்தோல் செல்களுக்குள் கெரட்டின் இழைகளைக் கட்டுக்கட்டாக இறுக்கி, செல்களைத் தட்டையாக்கி, செதில் செதிலாக அடுக்க உதவுகிற ஒரு புரதம் உண்டு. பெயர் ஃபிலாக்ரின். அந்த வேலை முடிந்ததும் அது சிதைந்து, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் பொருள்களாக மாறிவிடுகிறது. தோலின் லேசான அமிலத்தன்மைக்கும் அவை துணை. நல்ல தோலின் பி.எச். ஏறத்தாழ 5. நாம் போடும் கட்டிச் சோப்போ பெரும்பாலும் 9, 10 என்று காரமாக இருக்கிறது.

சிலருக்குப் பிறவியிலேயே இந்தப் புரதம் குறைவு. இதன் மரபணுவில் உள்ள பிழையால் மீன்செதில் போன்ற வறட்சி வருவதையும், கரப்பானுக்கு அது வழிவிடுவதையும் 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் இர்வின் மெக்லீன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். ஐரோப்பியரில் ஏறக்குறைய பத்தில் ஒருவரிடம் இந்தப் பிழை உண்டு. உங்கள் குழந்தையின் உள்ளங்கையை வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். ரேகைகள் வழக்கத்தைவிட ஆழமாக, நெருக்கமாக ஓடி, காலில் தோலும் செதில் செதிலாக இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கரப்பான் பண்டம் என்று கத்தரிக்காயையும் கருவாட்டையும் தட்டிலிருந்து ஒதுக்குகிறோம். தோல் வழியாக நுழைவதை யார் பார்க்கிறோம்? ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைத் தினமும் போட்டவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமல் போனது. சாப்பிட்டதும் மூச்சுத் திணறியவர்களும் அவர்களில் உண்டு. 2011-ல் அந்தச் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். இதைப் படித்த பிறகு, வெடித்த தோலில் கடலை மாவோ கடலை எண்ணெயோ பூச எனக்கு மனம் வராது.

வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். வாசனையில்லாத மென்மையான சோப்பை அழுக்குள்ள இடத்தில் மட்டும் போடுங்கள். துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் பூசவே பூசாதீர்கள். அதை மருத்துவர் எழுதித் தரட்டும். இன்றைக்கே அந்த நாரைக் குளியலறையிலிருந்து எடுத்து வெளியே போடுங்கள்.