பத்தொன்பதாம் அத்தியாயம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. மச்சினி கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, குடும்பமே உள்ளே போய் மூன்று மணி நேரம் ஆகிறது. எனக்குப் பை பிடிக்கும் உத்தியோகம். ‘இதோ, அஞ்சே நிமிஷம்’ என்றாள் மனைவி. அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது கல்யாணமானவர்களுக்குத் தெரியும். நைசாக நழுவினேன், பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்கு.

பெரியப்பா நெசவாளி. சின்ன வயசில் லீவுக்குப் போனால் அங்கே எனக்கும் வேலை உண்டு. உடம்பு ஒரு கலர், கரை ஒரு கலர் என்று கோர்வைப் புடவை நெய்ய ரெண்டு பேர் வேண்டும். ஓரமாக உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுகிற பொடியன் நான். பக்கத்தில் அக்கா, பெரியப்பாவின் ஒரே மகள், வாரப் பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாகப் படிப்பாள். கதாநாயகி கிணற்றைப் பார்த்து ஓடுவாள்... என் கை நின்றுவிடும். நங்கென்று ஒரு குட்டு! (குட்டியவரின் காதும் கதையில்தான் இருக்கும்.) வாராவாரம் அந்தப் பக்கங்களைப் பிரித்தெடுத்துச் சேர்த்து, கடைசியில் பைண்டு பண்ணி வைப்பார் பெரியப்பா.

இப்போது தறி இல்லை. குழியை மூடி சிமென்ட் பூசிவிட்டார்கள். அதன் மேல் பேரனின் பைக் நிற்கிறது. பைண்டு வால்யூம் மட்டும் பரணில் பத்திரமாக இருக்கிறது.

"டேய், நீ நிறைய படிச்சவன். இந்த ‘தொடரும்’னு போடறதை எவன்டா ஆரம்பிச்சான்?" என்றார், தூசு தட்டிக்கொண்டே.

தெரிந்ததைச் சொன்னேன்.

லண்டனில் விக்டோரியா மகாராணி காலத்துப் பெரிய நாவல்கள் பல, பத்திரிகையில் துண்டு துண்டாக வந்தவைதான். சார்லஸ் டிக்கன்ஸ் நாவலாசிரியர் மட்டுமில்லை, பத்திரிகை முதலாளியும்கூட. 1850-ல் ‘ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்’ என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். விலை ரெண்டு பென்ஸ். அடுத்தது 1859-ல் ‘ஆல் தி இயர் ரவுண்ட்’. அதில் 1860-ல் சார்லஸ் லீவர் என்பவர் எழுதிய தொடர் செம போர். சர்க்குலேஷன் விழ ஆரம்பித்தது. டிக்கன்ஸ் பார்த்தார். வேறு மாதிரி வெளியிட வைத்திருந்த தன் கதையையே அவசரமாகத் தூக்கி உள்ளே போட்டார். அதுதான் ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’! விற்பனை நிமிர்ந்தது.

நம்ம ஊருக்கு அந்தக் காற்று 1892-ல் வந்தது. சென்னையில் சி.வி. சுவாமிநாதையர் நடத்திய மாதப் பத்திரிகை ‘விவேக சிந்தாமணி’. அதில் அந்த வருஷமே ஒரு தொடர்: ‘சாவித்திரி சரித்திரம்’. எழுதிய அ. மாதவையாவுக்கு வயசு இருபதுதான்! ஒரு பிராமணப் பெண் தன் கஷ்டத்தைத் தானே சொல்கிற கதை. பாதியிலேயே நின்றுபோனது.

அடுத்த வருஷம் அதே பத்திரிகையில் ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’. இவரும் 1872-ல் பிறந்தவர். இவரும் கிறிஸ்தியன் காலேஜ். இந்தத் தொடர் 1895 வரை ஓடி ஒழுங்காக முடிந்தது. 1898-ல், இருபத்தாறு வயசில் மனுஷர் போய்விட்டார். இலக்கியக்காரர்கள் கமலாம்பாளைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். கொண்டாடட்டும். எனக்கு என்னவோ, அந்த நின்றுபோன தொடர்தான் மனசில் நிற்கிறது.

மாதவையா உப்பு இலாகாவில் வேலைக்குப் போனார். நம்மைப் போல ஆபீஸ், ஃபைல், டிரான்ஸ்ஃபர். ஆனாலும் அந்தப் பெண்ணை விடவில்லை. 1903-ல் ‘முத்து மீனாக்ஷி’ என்ற பெயரில் அதே கதையைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். சிறு வயசுக் கல்யாணம், மாமியார் கொடுமை, கணவன் சாவு, கடைசியில் மறுமணம்! ரிடையரானதும் 1924-ல் ‘பஞ்சாமிர்தம்’ என்று சொந்தப் பத்திரிகையே ஆரம்பித்தார். மறு வருஷம், சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசி உட்கார்ந்தவர், அங்கேயே இறந்துபோனார்.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை.

"அப்போ பாதிக் கதை படிச்சவங்க, மீதிக்குப் பதினோரு வருஷம் காத்திருந்தாங்களா?"

"காத்திருந்தவங்களுக்குக் கிடைச்சிருக்கும் பெரியப்பா. பாதிப் பேருக்கு அது அதே கதைன்னே தெரிஞ்சிருக்காது."

அவர் வால்யூமைப் புரட்டி ஒரு இடத்தில் விரலை வைத்தார். பதினெட்டாம் அத்தியாயம். அடுத்த பக்கம் இருபது.

"பத்தொம்போது வந்த வாரம்தான் உங்க அக்கா கல்யாணம். அலைச்சல்ல யாருக்கும் புக்கு வாங்க ஞாபகமில்லை. அதுக்கப்புறம் நான் வாங்கி வாங்கிச் சேர்த்தேன்... படிச்சுக் காட்டத்தான் ஆளில்லை. அவ புகுந்த வீட்டுல புக்கெல்லாம் படிக்க விட்டாங்களோ என்னவோ, நானும் கேட்டுக்கலை."

செல்போன் அடித்தது. மனைவி. "எங்கே போய்த் தொலைஞ்சீங்க? அந்த மாம்பழக் கலர் பிடிக்கலை. அடுத்த கடைக்குப் போறோம்."

கிளம்பினேன். வாசல் வரை வந்த பெரியப்பா, காலியாக இருந்த என் பையை வாங்கி, வால்யூமை உள்ளே வைத்தார்.

"அவ ஊர் வழியாத்தானே போவே? குடுத்துடு. நான் குடுத்தேன்னு சொல்லு."