கேமுக்குக் கிடைக்கும் கைதட்டலில் கேமுக்கு எவ்வளவு?

2023 ஜூலை 31 அன்று ‘வெண்பா’ வெளியானது. டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சின்ன ஸ்டுடியோ செய்த வீடியோ கேம். 1988-ல் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்த் தம்பதி, அங்கே வளரும் மகன் கவின், கிழிந்துபோன அம்மாவின் சமையல் குறிப்பு நோட்டு, இதுதான் கதை. 2024-ல் ஐ.ஜி.எஃப் விழாவின் பெரும்பரிசு, பாஃப்டாவின் அறிமுக கேம் விருது இரண்டையும் அது வாங்கியது.

இது நம்ம கதை, அதில் எனக்கும் பெருமைதான். ஆனாலும் ‘கேம்’ என்ற அளவில் அதற்குக் கிடைத்த பாராட்டு அதிகம் என்பது என் கட்சி. நம்மாளு செஞ்சதை நாமே குறை சொல்லலாமா என்று கேட்பீர்கள். சொல்லலாம். அது குறையா, அளவுகோலில் உள்ள கோளாறா என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை.

முதலில் வெண்பாவில் நாம் என்ன செய்கிறோம்? இட்லித் தட்டில் எண்ணெய் தடவி, மாவு ஊற்றி, ஆவி மேலே போகிற மாதிரி தட்டுகளைச் சரியாக அடுக்க வேண்டும். இது அருமையான புதிர். இட்லித் தட்டில் ஓட்டை ஏன் இருக்கிறது என்று தினமும் இட்லி தின்கிற நாமே யோசித்திருக்க மாட்டோம். அப்புறம் புட்டு, பிரியாணி என்று போகும். எதை முதலில் போடணும், எதை அடுத்துப் போடணும் என்பதே பெரும்பாலும் புதிர். தப்பாகச் செய்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மறுபடி செய்யலாம், குறிப்பும் கேட்டு வாங்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முழுசா முடிந்துவிடும். மீதி எல்லாம் உரையாடலைப் படிப்பதும், பழைய தமிழ் சினிமா இசையை நினைவூட்டும் பாடல்களைக் கேட்பதும்தான்.

அந்தக் கதையும் பாட்டும் நன்றாகவே இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பாராட்டியவர்கள் எதைப் பாராட்டினார்கள்? புலம்பெயர்ந்த குடும்பத்தின் வலியை, தாய்மொழியை விட்டு விலகும் பிள்ளையை, இதுவரை கேம்களில் யாரும் காட்டாத ஒரு சமையலறையை. இவையெல்லாம் கேம் *எதைப் பற்றியது* என்பதற்கான மதிப்பெண். விளையாடுகிறவன் *என்ன செய்கிறான்* என்பது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே எண்ணில் போட்டுக் கூட்டினால், முதலாவது இரண்டாவதை மூடிவிடும். சினிமாவில் ‘நல்ல கருத்துப் படம்’ என்று சொல்லித் திரைக்கதைக்கும் சேர்த்து மார்க் போடுவோமே, அதே பழக்கம்தான்.

இனி அளவுகோலுக்கு வருவோம். இங்கே என் தொழில் புத்தி கொஞ்சம் வேலை செய்கிறது.

ஸ்டீமில் நட்சத்திரம் கிடையாது. பரிந்துரைப்பீர்களா, மாட்டீர்களா, அவ்வளவுதான். 100 பேர் விளையாடி, அத்தனை பேரும் ‘பரவாயில்லை, பத்துக்கு ஆறு’ என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்தினால் அங்கே 100 சதவீதம் காட்டும். இன்னொரு கேமுக்கு 80 பேர் பத்துக்குப் பத்து, 20 பேர் பத்துக்கு மூன்று என்று வைத்தால் 80 சதவீதம். சராசரி எடுத்துப் பாருங்கள்: முதலாவது 6, இரண்டாவது 8.6. பக்கத்தைப் பார்க்கிறவனுக்கு முதலாவதுதான் உயர்ந்ததாகத் தெரியும். அந்த எண் சொல்வது எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை. எவ்வளவு பிடித்தது என்பது அதில் இல்லை. யாரையும் கோபப்படுத்தாத, சுருக்கமாக முடிகிற கேமுக்கு இந்த ஏற்பாடு ரொம்பத் தோதானது.

அடுத்தது யார் மதிப்பிடுகிறார்கள் என்பது. சமையல் கதையில் ஆர்வம் இல்லாதவன் வெண்பாவை வாங்கவே மாட்டான், அதனால் அவன் கருத்து கணக்கில் வராது. 60 மணி நேரக் கேமில் பாதியில் சலித்து வைதுவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள், ஒன்றரை மணி நேரத்தில் சலிக்க நேரமே இல்லை. மொபைல் ஆப்களில் இதையே திட்டம் போட்டுச் செய்கிறார்கள். ‘ரேட்டிங் கொடுங்க’ என்ற பெட்டி பெரும்பாலும் ஒரு லெவலை ஜெயித்தவுடன்தான் வரும், தோற்ற கடுப்பில் இருக்கும்போது வராது.

நல்ல நோக்கம் மட்டும் கேமைத் தாங்குமா என்பதற்கு எதிர்ப்பக்க உதாரணம் ‘ஃபௌ-ஜி’. 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலுக்குத் தடை வந்தது. இரண்டே நாளில் அக்‌ஷய் குமார் இதை அறிவித்தார். கல்வான் பள்ளத்தாக்கு களம், நிகர வருமானத்தில் 20 சதவீதம் ‘பாரத் கே வீர்’ நிதிக்கு என்றார்கள். கேமைக் கண்ணால் பார்க்காமலேயே லட்சக்கணக்கானோர் முன்பதிவு செய்தார்கள். 2021 குடியரசு தினத்தன்று வந்தது. துப்பாக்கி இல்லை, நாலு பேர் சேர்ந்து ஆடவும் வழியில்லை, நடந்துபோய்க் கையாலும் தடியாலும் அடிக்க வேண்டியதுதான். பிளே ஸ்டோரில் நட்சத்திரம் சில நாளிலேயே மூன்றை ஒட்டி இறங்கியது. தேசபக்தியோடு டவுன்லோடு செய்தவர்கள்தான் அப்படிப் போட்டார்கள். அங்கே பாராட்டு கேமுக்கு முன்னாலேயே தீர்ந்துவிட்டது. வெண்பாவில் அப்படி இல்லை, கையில் எடுத்தால் சொன்னது இருக்கிறது, குறைவாக இருக்கிறது, அவ்வளவுதான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க மாட்டேன்.

பணம் புழங்கும் இடத்தில் கதை இன்னும் மோசம். 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ வெளியாகும் முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கணினிப் பதிப்பு மட்டும். புகழ்மாலைகள் குவிந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4-ல் அது திக்கித் திணறியது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. வெளியான எட்டாவது நாள் சோனி தன் ஆன்லைன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. அந்த விமர்சகர்கள் பொய் எழுதவில்லை, காட்டியதைப் பார்த்து எழுதினார்கள்.

ஆகவே நான் இப்போது விமர்சனங்களை வாசிக்கிற விதம்: ஐந்து நட்சத்திரத்தையும் ஒரு நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பவற்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். ‘நெகிழ்ந்தேன்’, ‘பெருமைப்படுகிறேன்’ போன்றவற்றைத் தாண்டி, ‘அடுக்கினேன்’, ‘தேடினேன்’, ‘மாட்டிக்கொண்டேன்’ மாதிரியான வினைச்சொற்கள் எத்தனை என்று எண்ணுவேன். வெண்பாவைப் பற்றி நான் படித்தவற்றில் அந்த வகை வினைச்சொற்கள் பெரும்பாலும் இட்லித் தட்டோடு நின்றுவிட்டன.